காவலர் வேலைக்கு பாலிகிராஃப் சோதனை: பயத்தை அளக்கிற கருவி பொய்யைப் பிடிக்குமா?

தக்கலை ஓட்டமாஸ்டர்

தக்கலைப் பக்கம் ஒரு மைதானத்தில் விடிகாலை ஐந்தரைக்கு காவலர் தேர்வுக்குப் பிள்ளைகளை ஓடவிடுகிறவன் நான். ஒரு வாரமாக மனதில் கிடந்து உறுத்துகிற விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

என் அக்கா குடும்பம் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அக்கா மகன் பத்து வயதில் போனவன், இப்போது அந்நாட்டுக் குடிமகன். லீவுக்கு ஊருக்கு வந்தால் தூங்கமாட்டான், என்னோடு மைதானத்துக்கு வந்துவிடுவான். போலீஸ் ஆக வேண்டும் என்பது அங்கே ஒட்டிக்கொண்ட ஆசைதான். இந்த வருடம் அங்குள்ள ஒரு நகரக் காவல் துறைக்கு விண்ணப்பித்தான். எழுத்துத் தேர்வு, ஓட்டம், நேர்காணல் எல்லாம் தாண்டினான். அடுத்தது பாலிகிராஃப், அதாவது பொய் கண்டுபிடிக்கிற கருவி என்று சொல்வார்களே, அந்தச் சோதனை.

போனில் அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சின்ன அறை, வெறும் சுவரைப் பார்த்து நாற்காலி. நெஞ்சைச் சுற்றி ஒரு குழாய், வயிற்றைச் சுற்றி ஒரு குழாய், மூச்சுக்கு. இரண்டு விரலில் தகடு, வியர்வைக்கு. மேல்கையில் பிரஷர் பார்க்கிற பட்டை. அந்தப் பட்டையை ஊதி வைத்தால் ஒரு சுற்றுக் கேள்வி முடிகிறவரை தளர்த்தமாட்டார்களாம். மூன்றாவது கேள்விக்குள் விரல் நுனி மரத்துவிட்டது. "போதைப்பொருள் பற்றி எங்களிடம் எதையாவது மறைக்கிறாயா?" என்று கேட்டார்கள். இல்லை என்றான். சொன்ன அதே நொடியில் காலேஜில் அவனோடு அறையில் இருந்த பையன் கஞ்சாவோடு மாட்டியது நினைவுக்கு வந்து நெஞ்சு படபடத்திருக்கிறது. அவ்வளவுதான். சோதித்தவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, "இந்தக் கேள்வியில் ஏதோ இருக்கிறது, சொல்லிவிடு" என்று முக்கால் மணி நேரம் பேசினாராம். இவன் அந்த அறைத்தோழன் கதையைச் சொன்னான். முதலில் சொல்லாமல் இப்போது சொல்வதே மறைத்ததற்கு அடையாளம் என்று ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து இரண்டு வரி மின்னஞ்சல். காரணமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

"மாமா, நான் எந்தப் பதிலைத் தப்பாச் சொன்னேன்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இதை மைதானத்தில் சொன்னபோது ஒரு பையனின் அப்பா, "இது நம்ம ஊருக்கும் வந்தா நல்லதுதானே, சிபாரிசு, காசு எல்லாம் ஒழியுமே" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ., இரணியல்

தம்பி, உங்கள் அக்கா மகனுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் அந்த அப்பா சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. இங்கே ஒரு பையனின் நடத்தையை எப்படி விசாரிக்கிறோம்? ஸ்டேஷனில் பழைய வழக்கு இருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் அவன் தெருவுக்குப் போய் சாயாக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் கேட்போம். சொத்துத் தகராறு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்வான்? முப்பது வருடம் இதைச் செய்தவன் நான். நல்ல பையனைக் கெட்டவன் என்றும் கெட்டவனை நல்லவன் என்றும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கருவிக்கு சாதி தெரியாது, தெரு தெரியாது, கைநீட்டி எதையும் வாங்கத் தெரியாது. யூனிஃபார்ம் போட்டு கையில் லத்தி கொடுக்கப்போகிற ஆளை ஒரு கூடுதல் சல்லடையில் சலித்தால் என்ன குறைந்துவிடும்?

மார்த்தாண்டம் சிஸ்டர்

நான் நர்ஸ், 14 வருட அனுபவம். ஐயா, சல்லடை எதைச் சலிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கருவி அளப்பது மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், தோலின் வியர்வை. பொய் என்று தனியாக ஒரு அலை உடம்பில் கிடையாது. பயந்தாலும் இதே மாற்றம், வெட்கப்பட்டாலும் இதே மாற்றம், கோபம் வந்தாலும் இதே மாற்றம்.

எங்கள் ஓ.பி.யில் தினமும் பார்க்கிறேன். வீட்டில் 120 இருக்கிற ஆளுக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் 150 காட்டும். அதற்கே மருத்துவத்தில் தனிப்பெயர் உண்டு. அதனால்தான் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, மறுபடி பார்ப்போம். இவர்கள் அதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். வாழ்க்கையே இந்த வேலைதான் என்று வந்தவனைப் பட்டையை இறுக்கி உட்காரவைத்துவிட்டு, நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ., இரணியல்

பொதுவான படபடப்பைக் கழிக்க அவர்களிடம் வழி இருக்கிறதே அம்மா. சாதாரணக் கேள்வி, ஒப்பிடுகிற கேள்வி, விஷயமான கேள்வி என்று கலந்துதான் கேட்பார்கள்.

மார்த்தாண்டம் சிஸ்டர்

கேட்பார்கள், சரி. அந்த ஒப்பிடுகிற கேள்வி எப்படி இருக்கும் தெரியுமா? "உன்னை நம்பிய யாரிடமாவது எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறாயா?" என்பது மாதிரி. எல்லோரும் இதில் கொஞ்சம் பொய் சொல்வார்கள், நேர்மையானவனுக்கு இந்தக் கேள்வியில்தான் அதிகம் படபடக்கும், குற்றவாளிக்கு விஷயமான கேள்வியில் அதிகம் படபடக்கும் என்பது அவர்கள் கணக்கு. யோசித்துப் பாருங்கள் ஐயா. வேலை கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி எது என்று நேர்மையானவனுக்கும் தெரியாதா? அவனுக்கும் அங்கேதானே நெஞ்சு அடிக்கும்? ஏற்கனவே மனம் தளர்ந்த சுபாவக்காரர்கள், குற்றவுணர்ச்சி சட்டென்று வருகிறவர்கள், இவர்கள்தான் முதலில் விழுவார்கள். நாக்கை மெல்லக் கடித்துக்கொண்டு, மனதுக்குள் கணக்குப் போட்டு, ஒப்பிடுகிற கேள்வியில் வேண்டுமென்றே படபடப்பை ஏற்றிக்கொள்ளப் பழகியவன் தப்பித்துப் போவான்.

கணக்கு வாத்தியார், நாகர்கோவில்

ஓட்டமாஸ்டருக்குத் தேவையான பதில் கணக்கில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2003ல் பாலிகிராஃப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு கற்பனைக் கணக்கு உண்டு. 10,000 ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களில் 10 பேர் உளவாளிகள். கருவிக்கு அவர்கள் தாராளமாகவே நல்ல துல்லியம் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் எட்டு உளவாளிகளைப் பிடிக்கும்படி வைத்தால், அந்த எட்டுப் பேரோடு சேர்ந்து 1,598 நிரபராதிகளும் மாட்டுகிறார்கள். இத்தனை பேரை மாட்டவிடக் கூடாது என்று கண்ணியைத் தளர்த்தினால் 39 நிரபராதிகள் மட்டுமே சிக்குகிறார்கள், ஆனால் 10 உளவாளிகளில் 8 பேர் நல்லவர்கள் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எந்தப் பக்கம் திருகினாலும் இதுதான் கதி.

இன்னொன்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. நடந்த ஒரு குறிப்பிட்ட குற்றத்தைப் பற்றிக் கேட்பது வேறு, வேலைக்கு வருகிறவனிடம் பொதுவாக வலை வீசுவது வேறு. முதலாவதில் கருவி சும்மா ஊகிப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது, ஆனால் முழுத் துல்லியத்துக்கு வெகு கீழே. இரண்டாவதற்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. "அன்று இரவு பீரோவில் இருந்து சங்கிலியை எடுத்தாயா?" என்பது ஒரு கேள்வி. "வாழ்நாளில் எதையாவது மறைக்கிறாயா?" என்பதைக் கேள்வி என்றே சொல்லமாட்டேன். அதில் மனிதனின் மொத்த நினைவும் கலங்கி மேலே வரும். அக்கா மகனுக்கு அறைத்தோழன் நினைவு வந்தது அப்படித்தான்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ., இரணியல்

வாத்தியாரே, 10,000க்கு 10 என்பது உளவாளிக் கணக்கு. போலீஸ் வேலைக்கு வருகிறவர்களில் எதையாவது மறைக்கிறவன் அதைவிட எவ்வளவோ அதிகம். விண்ணப்பப் படிவங்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார், நாகர்கோவில்

நல்ல கேள்வி ஐயா, நியாயமானதும்கூட. அப்படியே போட்டுப் பார்ப்போம். இது நான் வைத்துக்கொள்கிற எண், எங்கும் எடுத்த புள்ளிவிவரம் இல்லை. 300 பேர் வருகிறார்கள், 60 பேர் பெரிதாக எதையோ மறைக்கிறார்கள் என்று வையுங்கள். ஐந்தில் ஒருவன். அதே துல்லியத்தில் அந்த 60ல் 48 பேரைப் பிடிக்கும், 12 பேர் தப்புவார்கள். மீதி 240 நேர்மையானவர்களில், அந்தக் கணக்கில் போலவே நூற்றுக்குப் பதினாறு பேர் வீதம், ஏறக்குறைய 38 பேர் மாட்டுவார்கள். ஆக மாட்டிய 86 பேரில் 38 பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். யார் அந்த 38 என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பையன்களுக்கும் அது தெரியாது, நாம் எந்தப் பதிலைத் தப்பாகச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள்.

தப்பிக்கிற 12 பேரையும் மறக்காதீர்கள். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டு சோவியத் யூனியனுக்கும் பிறகு ரஷ்யாவுக்கும் ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986லும் 1991லும் இந்தச் சோதனையில் தேறியவன். 1994ல்தான் பிடிபட்டான். சியாட்டில் பக்கம் பெண்களை வரிசையாகக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984ல் பாலிகிராஃபில் தேறினான், 2001ல் டி.என்.ஏ. வைத்துப் பிடித்தார்கள். சோதனையில் தேறியது ஒரு நற்சான்று மாதிரி ஆகி, சந்தேகம் வேறு பக்கம் போவதுதான் பெரிய ஆபத்து.

வக்கீல், பத்மநாபபுரம்

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளுக்கு: நம் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் படிகளில் பாலிகிராஃப் கிடையாது. எழுத்துத் தேர்வு, உடல் அளவு, ஓட்டம், கயிறு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவம், காவல் சரிபார்ப்பு, அவ்வளவுதான். யாராவது "பாலிகிராஃபுக்கும் கோச்சிங்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

குற்ற வழக்குகளிலேயே இதற்கு இங்கே என்ன மதிப்பு என்று பாருங்கள். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5ல் தீர்ப்புச் சொன்னது. சம்மதம் இல்லாமல் யாரையும் பாலிகிராஃபுக்கோ, மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் கேள்வி கேட்கிற நார்கோ சோதனைக்கோ உட்படுத்தக் கூடாது, அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசமைப்பின் 20(3), தனிமனித சுதந்திரத்தைக் காக்கிற 21 ஆகிய பிரிவுகளுக்கு விரோதம். சம்மதத்தையும் மாஜிஸ்திரேட் முன்பு பதிவு செய்ய வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். சம்மதித்துச் செய்தாலும் முடிவை அப்படியே சாட்சியமாக எடுக்க முடியாது, அதன் மூலம் பிறகு ஏதாவது பொருளோ தகவலோ கண்டுபிடிக்கப்பட்டால் அதை மட்டும் சட்டப்படி எடுத்துக்கொள்ளலாம். கொலை வழக்கில் சந்தேகத்துக்கு ஆளானவனுக்கே இத்தனை பாதுகாப்பு இருக்கும்போது, வேலை கேட்டு வந்த பிள்ளைக்கு அதில் பாதிகூட இல்லாத ஏற்பாடு எதற்கு?

வேலைக்காக என்றால் சம்மதம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லலாம்தான். சொன்னால் வேலை இல்லை.

அமெரிக்க நிலைமையும் விசித்திரமானது. அங்கே இந்தக் கருவி காவல் துறைக்குள்ளேயே பிறந்தது. 1921ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவலராக இருந்த ஜான் லார்சன் உருவாக்கினார், பின்னாளில் அதைப் பயன்படுத்துகிற விதத்தைப் பார்த்து அவரே மனம் கசந்தார். 1923ல் ஃபிரை வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இதன் முன்னோடியான இரத்த அழுத்தச் சோதனையைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. 1988ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, சில விலக்குகள் தவிர, தனியார் முதலாளிகள் ஊழியரை பாலிகிராஃபுக்கு உட்படுத்தக் கூடாது என்று தடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் அரசு வேலைக்குப் பொருந்தாது. அதே 1988ல் பிலடெல்பியா காவல் வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் போட்ட வழக்கிலும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சோதனையை அனுமதித்துவிட்டது. கடையில் பில் போடுகிற வேலைக்குக் கூடாத சோதனை காவல் வேலைக்கு ஆகலாம் என்கிற இந்தக் கோணல் இன்றுவரை அப்படியே நிற்கிறது. அக்கா மகனுக்கு மேல்முறையீடு இல்லாமல் போனதன் வேர் இங்கேதான்.

குலசேகரம் தேர்வர்

மாஸ்டர், நானும் எழுதலாமா? நான் இரண்டாவது முறை தயாராகிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கோயில் கொடையில் நடந்த அடிதடியில் அண்ணன் மேல் வழக்குப் போட்டு, அப்புறம் விடுதலையானான். நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஆனால் இன்றைக்கும் காக்கிச் சட்டை போட்டவர் "உங்க வீட்டில யார் மேலயாவது..." என்று ஆரம்பித்தாலே எனக்குக் கை குளிர்ந்துவிடும். அன்று ராத்திரி ஜீப் வந்ததும் அம்மா விளக்கை அணைத்ததும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் எல்லாக் கேள்விக்கும் கோடு மேலே போகும். நீளம் தாண்ட முடியாவிட்டால் காலைப் பலப்படுத்தலாம், ஓட்டத்தில் வினாடி குறைக்கலாம், கணக்கில் விட்டால் மறுபடி படிக்கலாம். இதற்கு என்ன பயிற்சி எடுப்பது?

குளச்சல் கடற்கரை

தங்கச்சி சொன்னதுதான் எனக்கும். எஸ்.ஐ. ஐயா சொன்ன சாயாக்கடை விசாரணையில் என் தம்பி மாட்டினான். படகு ஏலத்தில் எங்களோடு சண்டை போட்ட ஆள் "அவன் குடிகாரன்" என்று சொல்லிவிட்டார். ஆனால் சொன்னது யார், என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியவந்தது. பங்குத்தந்தையைப் பார்த்தோம், பள்ளி ஆசிரியர் எழுதிக்கொடுத்தார், மறுவிசாரணை வந்தது, தம்பி இன்று வேலையில் இருக்கிறான். கோடு மேலே போனது என்றால் யாரைக் கூட்டிக்கொண்டு போய் இல்லை என்று சொல்வது?

ஓய்வுபெற்ற எஸ்.ஐ., இரணியல்

நான் பிடிவாதத்துக்குப் பேசவில்லை என்று நம்புங்கள். கருவி தப்பு செய்யும், சரி. ஆனால் கருவிக்குப் பயந்து உண்மையைச் சொல்கிறவன் இருக்கிறானே. அமெரிக்க அதிகாரிகள் இதை விடாமல் வைத்திருப்பது கோட்டுக்காக இல்லை, சோதனைக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிற பேச்சில் ஆட்கள் தாமாக ஒப்புக்கொள்வதற்காக. மனைவியை அடித்ததை, திருடியதை அந்த நாற்காலியில்தான் சொல்லியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கி போயிருக்கும். எனக்குத் தெரிந்து கையில் அதிகாரம் வந்தபிறகு கெட்டவன் திருந்தியதில்லை. வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்கிற என் ஆத்திரம் அதனால்தான்.

தக்கலை ஓட்டமாஸ்டர்

ஐயா, உங்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. லாக்கப்பில் ஆள் சாகிற செய்தி படிக்கிறபோதெல்லாம், நான் பயிற்சி கொடுத்த பிள்ளை யாரும் அங்கே இருந்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் நினைப்பேன்.

ஆனால் இத்தனை பேர் எழுதியதைப் படித்தபிறகு எனக்கு ஒன்று தெளிவாகிறது. பயந்து ஒப்புக்கொள்கிறவன் யார்? கருவியை நம்புகிறவன். பொய் சொன்னால் தெரிந்துவிடும், உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று நினைக்கிறவன். என் அக்கா மகன் அந்த ரகம். தான் செய்யாத, அறைத்தோழன் செய்த விஷயத்தைக்கூடக் கொட்டிவிட்டு வந்தான். இது வெறும் டப்பா என்று தெரிந்தவன் வாயைத் திறக்கமாட்டான். அப்படியென்றால் அந்த நாற்காலி நீங்கள் நிறுத்த நினைக்கிறவனை உள்ளே விட்டுவிட்டு, மனசாட்சி உறுத்துகிறவனை வெளியே தள்ளுகிறது. நாளைக்கு ஸ்டேஷனில் ஒரு தப்பு நடந்தால் தாங்க முடியாமல் வாயைத் திறக்கப்போகிறவன் அவன்தானே?

ஒரு சந்தேகம், வக்கீல் சார். குலசேகரம் பிள்ளை எழுதியதைப் பார்த்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது. இங்கே பாலிகிராஃப் இல்லை, சரி. சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கு பற்றிய கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் என்ன எழுத வேண்டும்? மறைத்துவிடு என்று சொல்லிக்கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

வக்கீல், பத்மநாபபுரம்

மறைப்பதுதான் இங்கே பெரிய குழி. தன் மேல் எப்போதாவது வழக்கு இருந்திருந்தால், விடுதலையாகியிருந்தாலும் எழுத வேண்டும். அண்ணன் மேல் இருந்த வழக்கு அந்தப் பெண்ணின் வழக்கு ஆகாது, அவள் பயப்பட வேண்டாம். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதினால் போதும்.

நம் விதியும் கடுமையானதுதான். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்திருந்தால், அவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம் என்று தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) சொல்கிறது, 2008ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. ஆனால் 2016ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்துவைத்தது. இளம் வயதில் கோஷம் போட்டது மாதிரியான சின்ன வழக்கை எழுதாமல் விட்டிருந்தால்கூட, அதைப் பார்த்துப் பரிசீலித்து மன்னிக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது. இது எல்லாமே தாளில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, தீர்ப்பு நகல் இருக்கிறது, காட்டி வாதாட முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டம் முடிகிற நேரத்துக்கு மைதானத்துக்கு வருகிறேன். வழக்கு இருந்த பிள்ளைகள் நகலோடு வரட்டும்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ., இரணியல்

முதல் பதிவில் ஒரு கூடுதல் சல்லடையால் என்ன குறையும் என்று கேட்டேன். வாத்தியாரின் 38 பேர் ராத்திரி முழுக்க மனதில் இருந்தார்கள். அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சாயாக்கடை விசாரணை கெட்டிருக்கிறது என்பதை மட்டும் விடமாட்டேன். குளச்சல் தம்பி சொன்னதுபோல யார் என்ன சொன்னார் என்பதை எழுத்தில் வாங்கி, பையனுக்கும் காட்டி, பதில் சொல்ல அவகாசம் கொடுத்தால் அதுவே பாதி சரியாகிவிடும். பள்ளி, காலேஜ், முன்பு வேலை செய்த இடம் எல்லாவற்றுக்கும் நேரில் போக வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு நானும் வருகிறேன். படிவத்தில் எந்தக் கட்டத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

தக்கலை ஓட்டமாஸ்டர்

வாருங்கள் ஐயா. ஏழு மணிக்கு 1500 மீட்டர் ஓட்டம் முடியும், அதற்கப்புறம் உட்காரலாம்.

அக்கா மகனிடம் நேற்று பேசினேன். பக்கத்து ஊரில் ஒரு சின்னக் காவல் துறை இருக்கிறதாம், அங்கே பாலிகிராஃப் இல்லை, வீடு வீடாகப் போய் விசாரிப்பார்களாம். விண்ணப்பம் போட்டிருக்கிறான். இந்த முறை அந்த அறைத்தோழன் கதையைப் படிவத்திலேயே எழுதிவிட்டானாம். நீங்கள் எழுதியதையெல்லாம் அவனுக்குப் படித்துக் காட்டினேன். நீ எந்தப் பதிலையும் தப்பாகச் சொல்லவில்லை மக்கா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், அந்த 38 பேர் கணக்கை இன்னொரு தடவை சொல்லுங்க மாமா என்றான்.